முதல் பேரு

இல்ல மேடம், தண்ணிய மட்டும் தொடாதீங்க. இதோ, இப்பக்கூடக் கை டம்ளருக்குப் போகுது பாருங்க! கேள்வி வந்த உடனே தண்ணி குடிச்சா, உள்ள ஏதோ மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். உங்களுக்குத் தொண்டை காயுது, அவ்வளவுதான், எனக்குத் தெரியும். கேமராவுக்குத் தெரியாதே. நாளைக்கு, உங்கள உச்ச நீதிமன்றத்துக்கு எடுக்கலாமான்னு விசாரிக்கிற குழுவுல பதினோரு பேரு உட்கார்ந்திருப்பாங்க. அதுல மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருத்தர், எதிர்க்கட்சி. அவரு கேள்விய முழுசா முடிக்கவே மாட்டாரு. கடைசி வார்த்தைய வாயிலயே வச்சுக்கிட்டு உங்க கையையே பாத்துட்டு இருப்பாரு. கை டம்ளருக்குப் போச்சுன்னா, மறுநாள் பேப்பர்ல அந்தப் போட்டோதான்.

சரி, போதும். காலையில இருந்து நாலு மணி நேரமா நானே எதிர்க்கட்சியா இருந்து உங்ககிட்டக் கத்திட்டேன், எனக்கே என்னப் பிடிக்காமப் போச்சு. சாப்பிடலாம் வாங்க. ஐயையோ, கேன்டீன் சாப்பாடா? வேணாம் மேடம். அதத் தின்னுட்டுத்தான் ஒரு ஜட்ஜ் ஐயா பாதி விசாரணையில எழுந்து ஓடினாரு, அதையும் நாடே டிவியில பாத்துச்சு. இந்தாங்க, எங்க அக்கா கட்டிக் கொடுத்தது. எனக்கு இந்தப் பெரிய டப்பா. கூடவே ஒரு சின்ன டப்பாவும் தினமும் வைப்பாங்க. யாருக்குன்னு கேட்டா, இருக்கட்டும், யாராவது பசியா இருப்பாங்கன்னு சொல்லுவாங்க. யாரும் இல்லன்னா நானே தின்னுடுவேன், அதான் இந்தத் தொப்பை. வாங்கிக்கங்க, கூச்சப்படாதீங்க. மூடியில ஒட்டியிருக்கிறது முயலு. காது மட்டும்தான் மிச்சம், மத்ததெல்லாம் கழுவிக் கழுவித் தேஞ்சு போச்சு.

உப்பு சரியா இருக்கா? ம். அக்காகிட்ட சொல்றேன்.

நாற்காலியா? ஆமா, தாழ்வாத்தான் இருக்கும். நானே ஆசாரியக் கூட்டிட்டு வந்து நாலு காலையும் ரெண்டு விரக்கடை அறுக்கச் சொன்னேன். அங்க மேல ஹால்லயும் அப்படித்தான். அவங்க மேடையில இருப்பாங்க, நீங்க நிமிந்து பாத்துத்தான் பேசணும். இருபத்தஞ்சு வருஷமா மேல உட்கார்ந்து கீழ பாத்தே பேசினவங்க நீங்க. கழுத்து பழகணும் இல்லையா? முதல் நாள் நீங்க உட்கார்ந்த உடனே முகம் எப்படிப் போச்சு தெரியுமா? சிரிச்சிடக் கூடாதேன்னு நான் ஃபைலத் தூக்கி முகத்துக்கு நேரா வச்சுக்கிட்டேன்.

எல்லாருக்கும் இந்த அடித்தள ரூம்லதான் ஒத்திகை. பதினாறு வருஷமா இந்த அமைச்சகத்துல இதுதான் என் வேலை. ஆபீஸ்ல என் பேரு யாருக்கும் தெரியாது, ஒத்திகைக்காரர்னாத்தான் தெரியும். உங்களுக்கு முன்னால நாலு பேரு இந்த நாற்காலியில உட்கார்ந்தாச்சு. நாலும் முதல் பேரு. அப்படின்னா என்னன்னு கேக்கிறீங்களா? ஆபீஸ் பேச்சு மேடம் அது. சாப்பிடுங்க, சொல்றேன்.

முதல்ல வந்தவரு பாவம், தாடி வச்ச ஐயா. சட்டத்துல புலி. மூக்குக்கண்ணாடிக்காரர் அவருகிட்ட சட்டமே கேக்கல. உங்க பையன் ஏன் உங்ககூடப் பேசறது இல்லன்னு கேட்டாரு. ஒரே ஒரு கேள்வி. ஐயா டிவியில தேம்பித் தேம்பி அழுதுட்டாரு. அந்தப் பையன் அதுக்கப்புறமும் பேசல, நான் விசாரிச்சேன். அடுத்து வந்தவருக்கு வேற வினை. காலேஜ் படிக்கும்போது ஒரு கவிதை எழுதி ஆண்டு மலர்ல போட்டிருக்காரு, நாற்பது வருஷம் முன்னால. அதுல ஒரு பொண்ணோட இடுப்பு வருது. அந்த இடுப்ப வச்சே ரெண்டு மணி நேரம் ஓட்டினாங்க. பக்கத்துல அவரு சம்சாரம் உட்கார்ந்திருந்தாங்க. அது அவங்க இடுப்பு இல்லையாம். சிரிங்க மேடம், சிரிக்கலாம், இங்க கேமரா கிடையாது.

எப்படித் தேடி எடுத்தாங்கன்னா? தேடவே வேணாமே. நானே கொடுத்தேன்.

அட, ஏன் ஸ்பூனக் கீழ வைக்கிறீங்க? நான் பெரிய ஆளு மாதிரி பேசறேன்னு நெனைக்காதீங்க. உங்களுக்கே சட்டம் சொல்லித்தர நான் யாரு? ஆனா கணக்கு தெரியும். உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பேரு போகணும்னா அமைச்சரவை அனுப்பணும், பதினோரு பேருல எட்டுப் பேரு கை தூக்கணும். நம்மாளுங்க ஆறு பேருதான். எதிர்க்கட்சியில ரெண்டு பேராவது தூக்கணும். சும்மா தூக்குவாங்களா? அவங்களுக்கும் ஒரு பலி வேணும், போய் ஊர்ல சொல்றதுக்கு. அதனால முதல்ல ஒரு பேரு போகும். அத அடிச்சுத் துவைச்சுக் காயப்போடுவாங்க. மறுவாரம் ரெண்டாவது பேரு போகும். அதையும் அடிச்சா, இவங்களுக்கு வேற வேலையே இல்லையாடான்னு ஜனம் காறித் துப்பும். அதனால நாற்பது நிமிஷத்துல பாஸ். போன தடவ ரெண்டாவது பேருகிட்ட அவரு தோட்டத்து ரோஜாவப் பத்திக் கேட்டாங்க மேடம்! உண்மையாச் சொல்றேன். ரெண்டாவது பேருக்கு ஒத்திகையே கிடையாது.

ஆமா. நீங்க முதல் பேரு.

ரெண்டாவது யாரா? அது உங்களுக்கே தெரியும். அமைச்சரோட மச்சினனுக்கு இத்தனை வருஷம் வக்கீலா இருந்தாரே, போன மாசம் ஒரு கல்யாணத்துல உங்களப் பாத்து ரெண்டு கையும் பிடிச்சுக்கிட்டு, நீங்க வந்தாத்தான் அந்த நாற்காலிக்கே மரியாதைன்னு சொன்னாரே. நீங்கதான இங்க வந்து பெருமையாச் சொன்னீங்க. அவரேதான்.

கத்தாதீங்க மேடம். கதவு தடிமன், வெளிய கேக்காது, தொண்டைதான் போகும். இப்ப வேணா தண்ணி குடிங்க.

கேளுங்க. நான் சொல்லித்தான் உங்க பேரு வந்துச்சு. முதல் பேரு சும்மா யாரையோ போட முடியாதே. நல்ல பேரா இருக்கணும், அப்பத்தான் அடிக்கிறவனுக்கும் ருசி இருக்கும். ஜனங்க வாயில வர்ற மாதிரி ஒரு தீர்ப்பாவது கொடுத்திருக்கணும். நீங்க கொடுத்தீங்களே, ஒன்பது வருஷம் முன்னால, குடும்ப நீதிமன்றத்துல இருக்கும்போது. கையெழுத்திட்டவர் படித்தறிந்தே கையெழுத்திட்டார் என்றே இந்த நீதிமன்றம் கொள்ளும். எனக்கு மனப்பாடம். அந்த ஒரு வரிய எத்தனை கோர்ட்டுல எடுத்துப் போட்டிருக்காங்க! சட்டக் காலேஜ் சுவத்துல எழுதி வச்சிருக்காங்க. பாங்க்காரன், ஆஸ்பத்திரிக்காரன், வீட்டு ஓனரு, எவனுக்கு எதிரா எவன் கேஸ் போட்டாலும் அந்த வரிய எடுத்து ஒரு போடு. உங்கள மேல ஏத்துனதே அந்த வரிதான். நான் அமைச்சர்கிட்ட அதப் படிச்சுக் காட்டினேன், அவரு மேசையத் தட்டினாரு.

என்ன குறை கண்டுபிடிப்பாங்கன்னு முதல்ல எனக்குத் தெரியல. உண்மையிலயே தெரியல. பணம் காசுல சுத்தம். சொந்தக்காரன் ஒருத்தன் கோர்ட்டு வாசல மிதிச்சது இல்ல. அப்பதான் மூணாவது நாளு, எல்லார்கிட்டயும் கேக்கிற அதே கேள்விய உங்ககிட்டயும் கேட்டேன். எத மட்டும் யாரும் கேட்டுடக் கூடாதுன்னு பயப்படுறீங்களோ, அத எங்கிட்ட சொல்லிடுங்க, பதில் தயார் பண்ணிடலாம், இந்த ரூமத் தாண்டாதுன்னேன். நீங்க ஜன்னல் இல்லாத அந்தச் சுவத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்தீங்க. அப்புறம் உங்க வீட்டுக்காரரப் பத்திச் சொன்னீங்க.

ஐயோ, நான் ஒண்ணும் கல்லு இல்ல மேடம். அந்த ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி வராண்டாவுலயே கிடந்தேன்னும், அவரு ஒவ்வொரு நாளா அடங்கிட்டு வந்தாருன்னும் நீங்க சொன்னப்ப எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. லீவு போட்டா சீனியாரிட்டியில பின்னாடி போயிடுவோம்னு பயந்தேன்னு சொன்னீங்க. சாட்சி விசாரணையெல்லாம் முன்னாடியே முடிஞ்ச கேஸுங்க, தீர்ப்பு மட்டும்தான் பாக்கி, உங்க ஸ்டெனோவே எழுதி டைப் அடிச்சுக் கொண்டுவந்தாரு, வராண்டா பெஞ்சுல வச்சுக் கையெழுத்துப் போட்டேன்னு சொன்னீங்க. எத்தனைன்னு கேட்டேன். ஒரு முப்பது இருக்கும்னீங்க. படிச்சீங்களான்னு கேட்டேன். இல்லன்னு தலைய மட்டும் ஆட்டினீங்க, இப்படி.

இன்னைக்குச் சாயங்காலப் பேப்பர்ல அதுதான் வருது. இப்ப அச்சுல ஏறியிருக்கும். மூக்குக்கண்ணாடிக்காரருக்கு நேத்தே கொடுத்துட்டேன், எனக்கும் அவருக்கும் பன்னெண்டு வருஷப் பழக்கம், அவரு பொண்ணு கல்யாணத்துல பந்தி பாத்தவன் நான். நாளைக்கு அவரு உங்களக் கேக்கப் போற ஒரே கேள்வி, படித்தீர்களாங்கிறதுதான். அப்பத்தான் உங்க கை டம்ளருக்குப் போகும். எத்தனை ஒத்திகை பாத்தாலும் போகும். பழக்கம் அது.

போராடுவீங்களா? பேஷா! பத்திரிகைக்காரங்களக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிடுவீங்களா? சொல்லுங்க மேடம், யாரு வேணாம்னா? ஆனா நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு நீங்களே விலகிக்கிறதா ஒரு கடிதம் போயிடும். சொந்தக் காரணங்களால் என் பெயரை விலக்கிக்கொள்கிறேன். ரெண்டே வரி. உங்க கையெழுத்து இருக்கு. தேதி மட்டும்தான் போடல, அது எங்க வேலை.

எப்பப் போட்டீங்களா? முதல் நாளே போட்டாச்சே. வாசல்ல வந்ததும் ஒரு கட்டு பேப்பர் கொடுத்தேனே, கேட் பாஸு, உடல்நலப் படிவம், கேமராவுக்குச் சம்மதம், கார் நம்பர், அது இதுன்னு பதினோரு தாளு. ஒன்பதாவது தாளு அதுதான். எல்லாரும் அன்னைக்கு ஒரு மிதப்புலதான் இருப்பாங்க, உச்ச நீதிமன்றம்னா சும்மாவா? நான் தாள ஒவ்வொண்ணா விரிச்சுக் காட்டினேன், மடிக்கக்கூட இல்ல. நீங்க ஃபோன்ல உங்க தங்கச்சிகிட்ட என்ன கலர்ல புடவை கட்டணும்னு பேசிக்கிட்டே போட்டீங்க. வெளிர் நீலம் வேணாம், கேமராவுல வெளுத்துத் தெரியும்னு நான்கூடக் குறுக்க சொன்னேன்.

படிக்கலையா?

மேடம், நீங்களா இப்படிச் சொல்றது? படித்தறிந்தே கையெழுத்திட்டார் என்றே கொள்ளும். எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் உங்க வரிய எடுத்தே உங்க வாய அடைப்பாங்க. ஏமாத்தி வாங்கினாங்கன்னு சொல்லுவீங்க. அந்தக் கேஸுலயும் அப்படித்தான சொன்னாங்க?

எந்தக் கேஸா? சுவத்துல எழுதி வச்சிருக்கிற வரி எந்தக் கேஸுல வந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இல்ல. சரி விடுங்க. நான் சொல்றேன், நீங்க சாப்பிடுங்க. போதுமா? பாதிதான் சாப்பிட்டிருக்கீங்க.

ஒரு பொம்பள. ஆறு வயசுல ஒரு பெண் குழந்தை. புருஷனுக்கும் அவளுக்கும் ஆகல. அவன் ஒரு நாளு வந்து, புள்ளைய நல்ல ஸ்கூல்ல சேக்கிறேன், அதுக்குக் கையெழுத்து வேணும்னு ஒரு கட்டு பேப்பர் நீட்டியிருக்கான். இவ அப்ப அடுப்படியில நிக்கிறா. ஈரக் கையத் துடைச்சுக்கிட்டு வந்து, அவன் விரல் வச்ச இடத்துல எல்லாம் போட்டிருக்கா. சந்தோஷமாப் போட்டா. ஸ்கூலுக்குன்னு அன்னைக்கே கடைக்குப் போயிப் பையும் டப்பாவும் வாங்கிட்டு வந்தா. அந்தக் கட்டுல ஒரு தாளுல, குழந்தை மேல எனக்கு எந்த உரிமையும் வேண்டாம்னு எழுதியிருந்துச்சு. திங்கக்கிழமை புள்ளைய ஸ்கூல்ல விடுறேன்னு கூட்டிட்டுப் போனவன் நேரா ஏர்போர்ட்டுக்குப் போயிட்டான்.

கேஸு ஒரு வருஷம் நடந்துச்சு. அவளுக்கு உங்க மேல அவ்வளவு நம்பிக்கை மேடம். ஜட்ஜம்மா நான் பேசும்போது தலைய ஆட்டிக் கேட்டாங்க, பொம்பளைதான, புரிஞ்சிருக்கும்னு வீட்ல சொல்லிச் சொல்லி மாஞ்சா. தீர்ப்பு வந்த அன்னைக்கும் திட்டல. அவங்க எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டுத்தான சொல்றாங்க, என் மேலதான் தப்பு, நான்தான் படிக்காமப் போட்டேன்னு தன்னையே அடிச்சுக்கிட்டா. ஒன்பது வருஷமா அதத்தான் சொல்லிட்டு இருக்கா. அவங்க படிச்சிருப்பாங்க, நான்தான் படிக்கல. நானும் அத நம்பிட்டேன். உங்க மேல எனக்குக் கோவம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. சட்டம் அப்படின்னா அவங்க என்ன பண்ணுவாங்கன்னுதான் இருந்தேன். உங்க பேரச் சொன்னதுகூடப் பழிவாங்க இல்ல. முதல் பேருக்குப் பொருத்தமா இருந்தீங்க, சொன்னேன், அவ்வளவுதான்.

மூணாவது நாளு சாயங்காலம் போயித் தீர்ப்புத் தேதிய எடுத்துப் பாத்தேன். உங்க வீட்டுக்காரரு போறதுக்கு நாலு நாள் முன்னால. அப்ப அந்த முப்பதுல அதுவும் ஒண்ணு. உங்க ஸ்டெனோ ரிட்டயர் ஆயிட்டாரு, அவரு வீட்டுக்கும் போனேன். மனுஷன் மாடியில செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தாரு. கேஸப் பத்திக் கேட்டேன், யோசிச்சாரு, ஆளு ஞாபகம் வரல. வரியச் சொன்ன உடனே முகமெல்லாம் மலர்ந்து போச்சு. அது நான் எழுதினதுங்க, நல்லா வந்திருக்கில்ல, அம்மா ஒரு எழுத்துகூட மாத்தலைன்னாரு. காப்பி வேற கொடுத்தாரு. குடிச்சிட்டு வந்தேன்.

முன்னால வந்த நாலு பேருகிட்டயும் நான் எதுவும் சொன்னது இல்ல மேடம். கடைசி வரைக்கும் வாழ்த்துச் சொல்லித்தான் மேல அனுப்புவேன். இன்னைக்கும் அப்படித்தான் இருக்கணும்னு நெனச்சேன். டப்பாவத் திறந்து நீங்க சாப்பிட ஆரம்பிச்சதும் வாய் அடங்கல.

அழாதீங்க. அழுறதுன்னா நாளைக்கு அழுங்க, அங்கதான் கேமரா இருக்கு. மேல கார் நிக்குது, நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வரணும். வராம இருந்துடலாம்னு பாக்காதீங்க, கடிதத்துல நாளைக்குப் பதிலா இன்னைக்குத் தேதி விழும், அவ்வளவுதான் வித்தியாசம். இப்ப இருக்கிற ஐகோர்ட்டு நாற்காலியும் தங்காது, அந்த முப்பது கேஸுக்காரங்களும் நாளைக்கு மறுநாளே கோர்ட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. முப்பதுல இருபத்தொன்பது பேருதான் வருவாங்க. ஒருத்தி வரமாட்டா.

இல்ல, அவகிட்ட இதெல்லாம் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஜட்ஜம்மா படிக்கவே இல்லன்னு சொன்னா, இத்தனை வருஷம் தன்னை அடிச்சுக்கிட்டது எதுக்குன்னு ஆயிடும். தீர்ப்புக்கு அப்புறம் அவ பேப்பரும் டிவியும் பாக்கிறதே இல்ல, நீங்க இங்க வந்திருக்கிறதும் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனா, சின்ன டப்பா யாரு சாப்பிட்டாங்கன்னு மட்டும் கேக்கும் அக்கா. தினமும் கேக்கும். ஒரு அம்மாவுக்குப் பசியா இருந்துச்சு, கொடுத்தேன்னு சொல்லிக்கிறேன்.

அந்த மூடியக் கொஞ்சம் அழுத்தி மூடிக் கொடுங்க மேடம். பழசு இல்லையா, ஸ்கூலுக்குன்னு வாங்கினது, ஒரு பக்கம் சரியா நிக்காது.